கூட வந்தவுக

உள்ளுக்குள்ளயே வச்சிருந்தா நெஞ்சு அடைக்குது, அதனால சொல்லிருதேன். எங்க வீட்டு ஆளு முப்பத்துநாலு வருசம் கவர்மெண்டு பஸ்ஸில கண்டக்டரா நின்னுக்கிட்டே போயி, கடைசியில செக்கிங் இன்ஸ்பெக்டராகி, ரிட்டயர் ஆன அன்னைக்குப் போட்ட மாலையைக் கழட்டி ஆணியில மாட்டிட்டு, "ஏளா, இனி ரோட்டைப் பாத்தாலே கொமட்டுது, தண்ணியில போவமா?"ன்னு கேட்டாக. நானும் தாலுகா ஆபீசில டைப் அடிச்சு அடிச்சு விரல் தேஞ்சு அதே வருசம் வீட்டுக்கு வந்தவதான். சரின்னுட்டேன். அந்த ஒரு சரிக்கு இப்படி ஒரு கோடை வரும்னு தெரிஞ்சிருந்தா நாக்கைக் கடிச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருப்பேன்.

என் பேரு உலகம்மாள், அவுக பேரு கொம்பையா. திருச்செந்தூருக்குத் தெக்க, தேரிக்காட்டுச் செம்மண்ணு முடிஞ்சு வெள்ளை மணல் தொடங்குத எடத்துல சிப்பிக்குடியிருப்புன்னு ஒரு கடற்கரை ஊரு, ஒரு மாதா கோயிலு, ஒரு டீக்கடை, நூத்தம்பது வீடு, அங்க ரெண்டு மாசத்துக்கு வாடகைக்கு ஒரு வீடு எடுத்தோம். மீன்பிடித் தடைக்காலம்கிறதால விசைப்படகெல்லாம் கட்டிக் கிடந்துச்சு. அதுல வேலை பாக்குத தொம்மைங்கிற ஆளு, அவன் அண்ணனோட ஃபைபர் வள்ளத்தை வச்சுக்கிட்டு, ஊர் பாக்க வாரவங்களை எதுத்தாப்புல கடலுக்குள்ள இருக்க மொட்டைத்திட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வந்துக்கிட்டிருந்தான். திட்டுன்னா பெருசா ஒண்ணுமில்ல, ஒரு மணல்மேடு, பாதி இடிஞ்சு நிக்குத ஒரு பழைய விளக்குத்தூண், நாலு தாழம்புதரு, அவ்வளவுதான். அரைமணி நேரத்துல போயிரலாம். போன மூணாம் நாளே எங்க வீட்டு ஆளு சம்பளமில்லாத கண்டக்டரா அந்த வள்ளத்துல ஒட்டிக்கிட்டாக. தோல்பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு, விசிலை வாயில வச்சுக்கிட்டு, "உள்ள தள்ளிப் போங்க, உள்ள தள்ளிப் போங்க"ன்னு கடல்ல நின்னு கத்துத மனுசனைப் பாத்து ஊரே சிரிச்சுது. தொம்மையும் இவுக விசில் ஊதி "போலாம் ரைட்!"னு சொன்னாத்தான் மோட்டாரை இழுப்பான்.

கோடை லீவுன்னதும் எங்க மக சுபத்ராவும் மருமகனும், ஆறு வயசுப் பேத்தி மிதுனாவும், அவுகளோட சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் வந்து இறங்கினாக. மொத நாளு தேரிக்காட்டைப் பாத்தோம், மறுநாள் மணப்பாட்டுக் குன்றைப் பாத்தோம், மூணாம் நாளு திட்டுக்குக் கிளம்பினோம். வள்ளத்துல ஏறும்போது இவுக எண்ணினாக. கண்டக்டரையும் டிரைவரையும் சேக்காம ஆறு டிக்கெட்டு. திட்டுல புளியோதரை சாப்பிட்டோம், சிப்பி பொறுக்கினோம், சம்பந்தி தூணு மேல கை வச்சுக்கிட்டு போட்டோ எடுத்துக்கிட்டாக, திரும்பி வந்து கரையில இறங்கும்போது இவுக மறுபடி எண்ணினாக, ஏழு. மறுபடி எண்ணினாக, ஏழு.

ஏழாவது ஒரு பொம்பள. அம்பது அம்பத்தஞ்சு வயசிருக்கும், வெளுத்துப் போன பச்சைச் சேலை, கரை மட்டும் நனைஞ்சிருந்துச்சு, எந்தக் கல்யாண வீட்டுலயும் ரெண்டாவது வரிசையில உக்காந்திருக்குமே, அப்படி ஒரு முகம். எல்லாரும் வீட்டுக்கு நடந்தோம், அவளும் நடந்தா. கால் கழுவத் தண்ணி ஊத்தினேன், கழுவினா. இலை போட்டேன், உக்காந்தா. சம்பந்தியம்மா வழியில யாரோ ஒரு சின்னம்மாவைக் கூட்டிட்டு வந்திருக்காகன்னு நான் நினைச்சேன், எங்க பக்கத்து மதினின்னு சம்பந்தியம்மா நினைச்சாக, மருமகன் எதையுமே நினைக்கல, போனைப் பாத்துக்கிட்டு இருந்தாரு. நம்ம வீட்டு இலையில உக்காந்தவளைப் பாத்து நீங்க யாருன்னு கேக்க முடியுமா? கன்னத்துல அறையுததுக்குச் சமம் அது. ஒரு தரம் அவ என் முகத்தைப் பாத்து வாயைத் தொறந்தா. நான் சோத்துக் கரண்டியோட நின்னுக்கிட்டு, "மொதல்ல சாப்பிடுங்க, பேச்சு எங்க போயிரப் போகுது"ன்னு ரெண்டு கரண்டி கூடப் போட்டேன். வாயை மூடிக்கிட்டா. இலை ஓரத்துல வச்ச உப்பை ஒத்தை விரலால தள்ளிவிட்டுட்டு, வெறுஞ்சோத்தைத் தின்னா.

ரெண்டு நாள் கழிச்சு மருமகனும் சம்பந்திகளும் ஊருக்குக் கிளம்பினாக, சுபத்ராவும் பிள்ளையும் லீவு முடியுத வரை எங்ககூட இருக்கதா ஏற்பாடு. வேன்ல ஏறி உக்காந்துக்கிட்டு சம்பந்தியம்மா, "உங்க மதினி தங்கமான மனுசி, அதிர்ந்து ஒரு வார்த்தை பேசல"ன்னாக.

"எங்க மதினியா? உங்க சின்னம்மான்னுல்லா நினைச்சேன்!"

வேன் போயிருச்சு. திரும்பிப் பாக்கேன், எனக்கும் இவுகளுக்கும் நடுவுல நின்னு அவ கையாட்டிக்கிட்டு இருக்கா. ஆயுசு முழுக்க டிக்கெட் இல்லாத ஆளை எட்டாவது சீட்டுல இருந்தே மோப்பம் பிடிச்ச மனுசன் இவுக, அந்த இவுகளே அவகிட்டப் போய், தொண்டையைச் செருமி, கடைசியில "டீ குடிக்கீகளா?"ன்னு கேட்டுட்டுத் திரும்பி வந்துட்டாக.

தொம்மைகிட்டப் போய்ச் சொன்னோம். அவன் வலையைப் பிரிச்சுக்கிட்டே, "அதுவா அண்ணாச்சி? கூட வந்தவுக"ன்னான், என்னமோ வாடைக்காத்து வந்ததைச் சொல்லுத மாதிரி. "போன வாரம் ரெத்தினசாமி வள்ளத்துல ஒருத்தர் வந்தாரு. இந்தக் கோடையிலதான் இப்படி. திட்டுக்குப் போனா ஒரு ஆள் கூட வருது. பாவம், ஒரு தொந்தரவும் கெடையாது. வந்தவுகளை எறக்கியா விட முடியும்?"

அப்படித்தான் ஆச்சு. ஒவ்வொரு வள்ளத்துலயும் ஒரு ஆளு கூட வந்துச்சு, வந்தவுக எந்தக் குடும்பத்தோட வந்தாகளோ அவுக வீட்டுல தங்கினாக, வெளியூர்க்காரங்களோட வந்தவுக யாரு முதல்ல வாங்கன்னு சொன்னாகளோ அவுக வீட்டுல தங்கினாக. ஊரு அதுக்குப் பழகிக்கிட்டது எப்படின்னா, டீக்கடை பனிமயம் பத்து கிளாஸைக் கூட வாங்கி அடுக்கினா, பங்குச்சாமியாரு கோயில்ல கடைசி பெஞ்சுக்குப் பின்னால இன்னொரு பெஞ்சு போட்டாரு, அதுல அவுக நனைஞ்ச கரையோட வரிசையா உக்காந்து எழும்பச் சொன்னா எழும்பி உக்காரச் சொன்னா உக்காந்தாக, புனித அந்தோணியார் அசன விருந்துக்கு உப்பில்லாம தனியா ஒரு கொப்பரைச் சோறு வடிச்சாக, கேரம் விளையாட ஒரு கை குறைஞ்சா கூட வந்தவுகள்ல ஒருத்தரைக் கூப்பிட்டு உக்கார வச்சாக, வலை பின்னுத எடத்துல, மீன் காயப்போடுத எடத்துல, பிள்ளையைத் தூங்கவைக்கத் தொட்டில் ஆட்டுத எடத்துல எல்லாம் அவுக கை இருந்துச்சு, சொந்தக்காரன் மாதிரி குறை சொல்லாம, விருந்தாளி மாதிரி அலுப்பு காட்டாம, கேட்டதைச் செஞ்சுட்டு ஓரமா உக்காந்தாக, அதனால ஊர்ல எல்லாருக்கும் அவுகளை ரொம்பப் பிடிச்சுப் போச்சு. யாரும் எந்த ஊருன்னு கேக்கல. கேட்டா மனசு கஷ்டப்படுமாம். எங்க வீட்டுல மிதுனா எங்களுக்கு வந்தவளுக்கு உப்பில்லா அத்தைன்னு பேர் வச்சா, அந்தப் பேரே நின்னுபோச்சு.

நான் மட்டும் பயந்தேன். வெக்கமில்லாமச் சொல்லுதேன், விடிஞ்சதுல இருந்து அடையுத வரை பயந்தேன். அவ அடுப்பங்கரையில என் பின்னால நின்னு பாத்திரம் தேய்க்கும்போது பயந்தேன், மிதுனாவுக்குச் சடை பின்னிவிடும்போது பயந்தேன், நான் முந்தானையை இழுத்துச் செருகுத மாதிரியே அவளும் இழுத்துச் செருகுதான்னு ஒரு நாள் கண்ணுல பட்டப்போ கையில இருந்த கிண்ணத்தைக் கீழே போட்டேன். சத்தம் கேட்டு எட்டிப் பாத்த எங்க வீட்டு ஆளு, "ஏளா, உனக்குக் கூட மாட ஒத்தாசைக்கு ஆளு வந்தா மூஞ்சியத் தூக்குதியே"ன்னு கேலி பண்ணினாக. பண்ணினாகளே ஒழிய, வள்ளத்துல இருக்க ஆளை அவுக நாலு தரம் எண்ணுததை நான் பாத்தேன்.

வைகாசி பொறந்து ஒரு வாரத்துல ரெத்தினசாமி வள்ளம் திட்டுக்குப் போயிட்டு, போனது எட்டு வந்தது எட்டுன்னு கணக்கு சரியா வந்துச்சு. ஊருக்கே சந்தோசம். நின்னு போச்சு, எல்லாம் சரியாயிருச்சுன்னு கரையில ஆளுக்கு ஆளு கை குலுக்கிக்கிட்டாக. டீக்கடை பனிமயம் அந்த வள்ளத்துலதான் போயிட்டு வந்தா. கடை வச்ச இத்தன வருசத்துல ஒரு நாளும் திட்டைப் பாத்ததில்லன்னு ஆசைப்பட்டுப் போனவ. மறுநாள் காலையில நான் கடைக்குப் போனேன். எப்பவும் என்னைக் கண்டா, "வாங்க டைப்பிஸ்டக்கா, உங்க கண்டக்டரு இன்னைக்குக் கடலுக்கு எத்தன ட்ரிப்பு?"ன்னு ஊரு கேக்கக் கத்துவா. அன்னைக்கு என்னைப் பாத்து லேசாச் சிரிச்சுட்டு, ஒரு வடையை எடுத்து இலையில வச்சுக் கொடுத்தா. கடிச்சேன். வடையில உப்பு இல்ல.

"என்ன பனிமயம், உப்புப் போட மறந்துட்டியா?"

அவ மறுபடி லேசாச் சிரிச்சா. புருசன்காரன்தான் பாய்லருக்குப் பின்னால இருந்து, "இவ எப்பவும் கொஞ்சம் கம்மியாத்தான் போடுவா"ன்னான். இருபது வருசமா அந்த வடையை வித்தவன் அப்படிச் சொன்னான், அவன் பொய் சொல்லல, அவன் மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது, அவனுக்கு அப்படித்தான் ஞாபகம் இருந்துச்சு. அவ சேலைக் கரையைப் பாத்தேன். நனைஞ்சிருந்துச்சு. அந்த வடையைத் துப்பவும் முடியாம முழுங்கவும் முடியாம, வீட்டுக்கு எப்படி வந்து சேந்தேன்னே தெரியல.

இவுககிட்டச் சொன்னேன். "அத்தான், ஆளு கூட வந்தா நல்லது. ஆளு சரியா வந்தாத்தான் கெட்டது. சரியா வந்தா நம்ம ஆளு ஒண்ணு அங்க நின்னுபோச்சுன்னு அர்த்தம். சீட்டு ஒண்ணுதானே? வேற ஆளு உக்காந்துருச்சு."

இவுக தோல்பையைக் கழட்டி ஆணியில மாட்டினாக. அப்புறம் மெதுவா, "பனிமயம் பனிமயம் மாதிரிதான் இருக்கா"ன்னாக.

"வாயைத் தொறந்து அவ ஒரு வார்த்தை கத்தட்டும், ஒத்துக்கிடுதேன்."

அன்னையில இருந்து மிதுனாவை நான் கடல் பக்கமே விடல. இவுக தொம்மையோட போயிட்டு வந்தா வாசல்லயே நிறுத்தி, உப்புக்கல்லை நாக்குல வச்சு, மூஞ்சியைச் சுளிக்காம சப்பினாத்தான் உள்ள விட்டேன். சுபத்ரா, "எம்மா, உனக்கு ரிட்டயர் ஆனதுல இருந்து மூளை சும்மா இருக்கு, அதான்"னு சிரிச்சா. சிரிச்சுட்டுப் போகட்டும். என் பிள்ளைகளை நான் எண்ணிக்கிட்டே இருந்தேன், காலையில எண்ணினேன், சாப்பிடும்போது எண்ணினேன், சுபத்ரா, மிதுனா, அத்தான், சுபத்ரா, மிதுனா, அத்தான், ஒருத்தர் குறைஞ்சா நான் செத்தே போவேன்னு தோணுச்சு.

லீவு முடிய ரெண்டு நாள் இருக்கும்போது மிதுனா அழ ஆரம்பிச்சா. ஊருக்குப் போகுமுன்ன ஒரு வட்டம் திட்டுக்குப் போகணும், உப்பில்லா அத்தையும் வரணும். சோறு வேண்டாம், பால் வேண்டாம், திட்டுதான் வேணும். சுபத்ராவும், "பிள்ளை ஏங்கிப் போயிரும்மா, நான் கூட்டிட்டுப் போறேன், நீ வராட்டி இரு"ன்னுட்டா. நான் வராம எப்படி இருப்பேன்? அப்பத்தான் எனக்கு அந்தக் கெட்ட எண்ணம் வந்துச்சு. கெட்ட எண்ணம்னு தெரிஞ்சேதான் வந்துச்சு.

"அத்தான்"னு இவுகளைத் தனியாக் கூப்பிட்டேன். "அவ எங்க இருந்து வந்தாளோ அங்கயே விட்டுட்டு வந்துருவோம். நானு, சுபத்ரா, பிள்ளை, அவ, போகும்போது நாலு டிக்கெட்டு. வரும்போது மூணு. மூணு எண்ணினதும் விசில் ஊதிருங்க. நம்ம வீட்டுக்கு வந்தது போயிருச்சுன்னா, நம்ம வீட்டுல இருந்து எடுக்க அந்தத் திட்டுக்கு ஒண்ணும் பாக்கி இருக்காது."

இவுக தோல்பையைத் தடவிக்கிட்டே நின்னாக. "டிக்கெட் இல்லாத ஆளைக்கூட நடுக்காட்டுல எறக்கிவிட்டதில்ல ஏளா நான். அடுத்த ஸ்டாப்புலதான் எறக்கிவிடுவேன்."

"திட்டுதான் அவளுக்கு ஸ்டாப்பு."

"சரி"ன்னாக. என் மேல இருந்த பயமோ, அதே பயம் அவுகளுக்கும் இருந்துச்சோ, தெரியல.

மறுநாள் காலையில கிளம்பினோம். கடல் எண்ணெய் மாதிரி அசையாமக் கிடந்துச்சு. நான் போற வழி முழுக்க மிதுனா கையை விடல, பிள்ளை, "ஆச்சி, கை வலிக்கு"ன்னு சொன்ன பிறகும் விடல. அத்தை எங்க எதுத்தாப்புல உக்காந்து தண்ணியையே பாத்துக்கிட்டு வந்தா. திட்டுல இறங்கினதும், பிள்ளையை சுபத்ராகிட்டக் கொடுத்து வள்ளத்துப் பக்கத்துலயே சிப்பி பொறுக்கச் சொல்லிட்டு, "வாங்க, தூணைப் பாத்துட்டு வருவோம்"னு அவளை மட்டும் கூட்டிட்டுப் போனேன். தாழம்புதரைத் தாண்டினா வள்ளம் தெரியாது. தூணு நிழல்ல அவளை உக்கார வச்சேன். அப்படியே திரும்பி வந்திருக்கணும். ஆனா நாப்பது நாளு என் வீட்டுச் சோத்தைத் தின்னவ, என் பாத்திரத்தைத் தேய்ச்சவ, ஒரு வார்த்தை கேக்காம விட்டுட்டுப் போக மனசு ஒப்பல. கேட்டேன்.

"நீங்க யாரு?"

அவ சட்டுன்னு நிமிந்தா. கண்ணு ரெண்டும் நெறஞ்சு போச்சு.

"இதைக் கேக்க உங்களுக்கு நாப்பது நாளாச்சா தாயி?"ன்னா. குரலு நல்ல குரலு, இத்தன நாளும் அப்படியே மடிச்சு வச்சிருந்த குரலு. "எனக்குத் திசையன்விளை. என் வீட்டுக்காரரு டெய்லரு. மூணு பொம்பளப் பிள்ளைக. சித்திரை மாசம் எல்லாரும் சேந்து இந்தத் திட்டைப் பாக்க வந்தோம். கால் நனைச்சுட்டுத் திரும்பிப் பாக்கேன், என் சீட்டுல யாரோ உக்காந்திருக்கா, வள்ளம் போகுது. மொத நாளே சொல்ல வந்தேன். நீங்க சோத்தைப் போட்டுட்டீக. சாப்பிட்டுட்டுச் சொல்லுவோம்னு நினைச்சேன். சாப்பிட்டு முடிச்சதும் வார்த்தை உள்ள போயிருச்சு. யாராவது கேட்டாத்தான் வெளிய வருது. யாருமே கேக்கல."

நான் என்ன செஞ்சிருக்கணும்? வாங்க, உங்க ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன்னு கையைப் பிடிச்சிருக்கணும். திசையன்விளை என்ன சீமையிலயா இருக்கு? எல்லாம் இப்பம் தெரியுது. அப்பம் எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான், மூணு டிக்கெட்டு, மூணுதான் திரும்பணும், அதுல என் பேத்தி இருக்கணும். "இங்ஙனயே இருங்க, இப்பம் வந்துருதேன்"னு சொல்லிட்டு அவ புருசனுக்கும் மூணு பிள்ளைகளுக்கும் அவளைக் கொடுக்காம எழுந்து ஓடி வந்தேன். என்னை மாதிரி ஒரு பாவி உண்டுமா? பாதி தூரம் வந்ததும் கால் ஓடல. கையில தண்ணிப் பாட்டில் இருந்துச்சு. நெருப்பா எரியுத வெயில், சொட்டுத் தண்ணி இல்லாத மணலு, இதையாவது கொடுத்துட்டு வருவோம்னு திரும்பினேன். அந்த ஒரு பாட்டில் தண்ணிக்குத்தான் திரும்பினேன்.

தூணு நிழல்ல அவ இல்ல.

"அம்மா! ஏ அம்மா!"ன்னு கூப்பிட்டேன், பேரு கூடக் கேக்கலையே நான். தூணைச் சுத்தி ஓடினேன், புதரை விலக்கிப் பாத்தேன், நான் வந்த பாதையை விட்டு விலகி ஒரு காலடித் தடம் மட்டும் புதருக்கு அந்தப் பக்கமா வள்ளம் நின்ன திசைக்குப் போச்சு. அப்பத்தான் விசில் சத்தம் கேட்டுச்சு. எனக்குத் தெரியாத விசிலா அது? பாட்டிலைப் போட்டுட்டு ஓடினேன், சேலை காலைத் தட்ட, மணல் காலை இழுக்க, கத்திக்கிட்டே ஓடினேன். புதரைத் தாண்டும்போது வள்ளம் கரையை விட்டு விலகிருச்சு. சுபத்ரா உக்காந்திருக்கா. மிதுனா உக்காந்திருக்கா. மிதுனா கையைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு ஒரு பொம்பள உக்காந்திருக்கா, முந்தானையை இழுத்துச் செருகிக்கிட்டு, என் எடத்துல. இவுக விரலை நீட்டி எண்ணுதாக, ஒண்ணு, ரெண்டு, மூணு. மூஞ்சியில அப்படி ஒரு நிம்மதி.

"போலாம் ரைட்!"

"அத்தான்! அத்தான்!" இடுப்பளவு தண்ணிக்குள்ள இறங்கிக் கத்தினேன். உப்புத்தண்ணி வாயில ஏறுது, கண்ணுல ஏறுது. இவுக திரும்பிப் பாத்தாக. என்னைத்தான் பாத்தாக, நேருக்கு நேரா, நல்ல வெளிச்சத்துல பாத்தாக. பாத்துட்டு, முப்பத்துநாலு வருசமா ஓடி வந்து பஸ்ஸை விட்டவங்களுக்குக் காட்டுத அதே கையை உயத்திக் காட்டி, இரக்கமாத்தான் சொன்னாக:

"பின்னால வண்டி வருது!"

மோட்டார் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாத் தேஞ்சு போச்சு.

பின்னால வண்டி வந்துச்சு. மதியத்துக்கு மேல ரெத்தினசாமி வள்ளம் கோவில்பட்டிக்காரங்க ஒரு குடும்பத்தை ஏத்திக்கிட்டு வந்துச்சு. அவுக சிரிச்சாக, போட்டோ எடுத்தாக, முறுக்கு தின்னாக. திரும்பும்போது நான் ஏறினேன். யாரும் ஏன்னு கேக்கல. ஒரு அம்மா ஒதுங்கி எடம் விட்டு, நனைஞ்சிருக்கீகளேன்னு ஒரு துண்டைக் கொடுத்தாக. நான் உலகம்மாள், சிப்பிக்குடியிருப்புல இருக்கேன், என் வீட்டுக்காரரு பேரு கொம்பையான்னு சொல்ல வாயைத் தொறக்கேன், தொண்டை முழுக்க உப்பு, ஒரு எழுத்து மேல வரல. அந்த அம்மா புருசன்கிட்ட, "உங்க பெரியம்மா களைச்சுப் போயிட்டாக போல"ன்னாக.

கரையில எங்க வீட்டு ஆளு நின்னாக, எந்த வள்ளம் வந்தாலும் எண்ணத்தானே செய்வாக. ஏறினது ஒம்பதுன்னான் ரெத்தினசாமி, இறங்கினது பத்துன்னாக இவுக. "சரி, ஒண்ணு கூட. கெட்டதில்ல"ன்னு சிரிச்சாக. கோவில்பட்டிக்காரங்க வேன்ல ஏறிப் போயிட்டாக. நான் மணல்ல நின்னேன். இவுக என் பக்கத்துல வந்து, என் முகத்தைப் பாத்தாக. பாருங்க அத்தான், நல்லாப் பாருங்கன்னு உள்ளுக்குள்ள கும்பிட்டேன். ஒரு தரம், ஒரே ஒரு தரம், யாருன்னு கேட்டா போதும், எல்லாத்தையும் கொட்டிருவேன். கேட்டுருங்க அத்தான். வாய் வரைக்கும் வந்துச்சு அவுகளுக்கு, நான் பாத்தேன், உதடு குவிஞ்சுச்சு. வந்தவுக மனசு கஷ்டப்படுமேன்னு அதை முழுங்கிட்டு, "வாங்க"ன்னாக.

வாங்க! நாப்பத்தோரு வருசம் ஏளான்னு கூப்பிட்ட வாய். கோவம் வந்தா ஏளா, பாசம் வந்தா ஏளா, ஆஸ்பத்திரியில நான் பிள்ளை பெத்துக் கிடந்தப்போ அழுதுக்கிட்டே ஏளா. அந்த வாய் என்னை வாங்கன்னுச்சு.

பின்னாலயே நடந்தேன். என் வீட்டு வாசல்ல சுபத்ரா சொம்புல தண்ணி கொண்டுவந்து கால்ல ஊத்தினா. மிதுனா ஓடி வந்து எட்டிப் பாத்துட்டு, "ஆச்சி, இன்னொரு அத்தை வந்திருக்காக!"ன்னு அடுப்பங்கரையைப் பாத்துக் கத்தினா. உள்ள தாளிக்குத சத்தம் கேட்டுச்சு. உள்ள இருந்தவ வெளிய வரல. என் மக எனக்கு இலை போட்டா. நான் அவ கையைப் பிடிச்சேன், வாயைத் தொறந்தேன், ஏதோ ஒரு சத்தம் வந்துச்சு, வார்த்தையா அது, எனக்கே தெரியல. சுபத்ரா என் தோளைத் தட்டிக் கொடுத்து, "மொதல்ல சாப்பிடுங்க"ன்னு சொல்லி, ஆவி பறக்குத சோத்தை என் இலையில போட்டா. சாப்பிடக் கூடாது, சாப்பிட்டா வார்த்தை உள்ள போயிரும்னு எனக்குத் தெரியும். கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன், எவ்வளவு நேரம்னு தெரியல, பசியில கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு.

இவுக என் எதுத்தாப்புல வந்து குனிஞ்சு உக்காந்தாக. நல்ல மனுசன், எப்பவுமே நல்ல மனுசன். இலை ஓரத்துல இருந்த உப்பைத் தன் கையாலயே வழிச்சு எடுத்துட்டு, கூச்சப்படுத பிள்ளையைத் தேத்துத மாதிரி சொன்னாக:

"சங்கடப்படாம சாப்பிடுங்க. உங்க வீடு மாதிரி நினைச்சுக்கிடுங்க."